நூறு பேருக்கு ஒரு புள்ளி

ஒரு புள்ளி என்றால் நூறு பேர்.
விளக்கக்குறிப்பில் அப்படித்தான் எழுதினேன்,
பிஷ்கெக்கில், நான்காம் மாடியில்,
வெப்பக்குழாய் இருமிக்கொண்டிருந்த பிப்ரவரியில்.

எந்தப் பகுதியில் எத்தனை தலை என்று மட்டும்
மென்பொருளுக்குத் தெரியும்.
யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது.
ஆகவே அது இறைத்தது,
கோழிக்குத் தானியம் வீசுவதுபோல,
பார்க்காமலேயே.

நூறு பேர் சொங்-கோல் ஏரியின் நடுவே விழுந்தார்கள்.
நூறு பேர் பனியாற்றின் மேல்.
இன்னும் நூறு பேர் சீன எல்லைக்கு
நூலிழை இப்பால்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஏரியில் நின்றவர்களைச் சுட்டியால் பிடித்துக்
கரைக்கு இழுத்தேன்.
"தொடாதே" என்றார் தொக்தொசுன் அப்திரஹ்மானோவிச்,
"தற்செயலில் கை வைத்தால் அது பொய்யாகிவிடும்."
அவர் தேநீருக்குப் போனதும்
பனியாற்றில் இருந்தவர்களையும் இறக்கிவிட்டேன்.
குளிர் அப்படி.

எதிர்மேசை பெர்மெத்துக்குப் புள்ளிகள் இல்லை,
மழைதான்.
ஐந்து நீலங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறாள்.
இரண்டாம் நீலத்துக்கும் மூன்றாம் நீலத்துக்கும் நடுவே
அரை மில்லிமீட்டரில்
ஒரு பள்ளத்தாக்கு வறட்சி நிவாரணத்தை இழக்கிறது.
அவள் நகம் கடிப்பதை
நான் பார்க்காததுபோல இருப்பேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி.
"சாரி-தொலோக்கிலிருந்து அசன்குல்.
உங்கள் படத்தில் எங்கள் இடத்தில்
வெறும் காகிதம்தான் இருக்கிறது."

பார்த்தேன். அறுபத்து நான்கு பேர்.
நூறால் வகுத்தால் சுழியம்.
மீதியை மென்பொருள் பெருக்கித் தள்ளிவிடுகிறது.
அக்கரையில் இன்னொரு ஊர், முப்பத்தாறு பேர்.
கூட்டினால் சரியாக நூறு.
ஆனால் எல்லைக்கோடு ஆற்றின் நடுவே ஓடுகிறது.

"ஆறு உறைந்துதானே கிடக்கிறது" என்றார்,
"தினமும் நடந்துபோய் மாவு கடன் வாங்குகிறோம்.
உங்கள் கோடு மட்டும் அங்கே என்ன செய்கிறது?"
பிறகு, கொஞ்சம் தாழ்ந்து:
"மருத்துவ உதவியாளரை எங்கே போடுவது என்று
அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவாம்.
அப்படிக் கேள்வி."

புள்ளிக்கு ஐம்பது பேர் என்று மாற்றினேன்.
சாரி-தொலோக் எழுந்தது, அக்கரை எழவில்லை.
புள்ளிக்குப் பத்து என்றேன்.
இரண்டும் எழுந்தன,
பிஷ்கெக் கவிழ்ந்த மைப்புட்டியாயிற்று.
என் தெரு, நான் வாங்கும் ரொட்டிக்கடை,
பேருந்துக்கு நிற்கும் என் கணவன்,
யாரையும் பிரித்தறிய முடியவில்லை.

அன்றிரவு ஒரு சிறு வட்டம் போட்டேன்.
உள்ளே நிரப்பவில்லை.
விளக்கக்குறிப்பில் ஒரு வரி கூட்டினேன்:
இங்கும் ஆள் உண்டு, நூறுக்குக் குறைவாக.
ஓடவிட்டபோது
முந்நூற்றுப் பதினொரு வளையங்கள் வந்தன.
பதினாறு ஆண்டுகளாக இந்த நாட்டை வரைகிறேன்,
இருபதுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் துணை அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதென்ன ஓட்டைகள், அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்ததா?"
தொக்தொசுன் என் பக்கம் திரும்பவில்லை.
"இல்லை" என்றார்.
அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உதவியாளர் எந்த ஊருக்குப் போனார் என்று
இன்னும் தெரியவில்லை.
கோப்பு ஆறாம் மாடிக்கு ஏறிவிட்டது.
அங்கிருந்து எதுவும் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

மே மாதம் அசன்குல் மறுபடி.
"எங்கள் கூடாரத்தை மேலிருந்து வரையச் சொல்லி
யார் கேட்டார்கள் உங்களை?"
சிரித்தார். ஒழுங்காகக் கேட்கவில்லை,
அங்கே காற்று.
"அடுத்த வாரம் ஆடுகளோடு
கணவாய்க்கு அந்தப்பக்கம் மேய்ச்சலுக்கு ஏறுகிறோம்.
செப்டம்பர்வரை இந்த வளையத்துக்குள்
ஒரு நாய்கூட இருக்காது.
இதை யார் தூக்கிக்கொண்டு வருவது?"

திரையில் அதற்கொரு பொத்தானைத் தேடினேன்.
அவர் காத்திருந்தார்.
பின்னால் யாரோ
குதிரையை அதட்டுவது கேட்டது.